கதவோரத்து மஞ்சள் தாள்

பூமியை உருட்டி வானத்தில் சுற்றவிட்ட அன்று கடவுள் என் அம்மாவைக் கூப்பிடாமல் விட்டது பெரிய தப்பு. கூப்பிட்டிருந்தால், "உருண்டை காலியா இருக்கும்போது எவ்வளவு, ஆளுங்க ஏறின பிறகு எவ்வளவு?" என்று கேட்டு இரண்டையும் எழுதி வாங்கியிருப்பாள். அதற்கு முன் ஒரு சுற்றுகூடச் சுற்ற விட்டிருக்க மாட்டாள். பிக்ஹார்ன் மலை இன்றைக்கும் ஆடாமல் நிற்பதற்குக் காரணம், அம்மா அதை இன்னும் எடை போடவில்லை என்பதுதான். போட்டால் குறை தெரிந்துவிடுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

நான் அளந்து விடுகிறேன் என்கிறாள் மெய்ஸி. மெய்ஸி என் தங்கை. எட்டு வயது. அவளுக்கு எல்லாம் சரியாக இருக்க வேண்டும். அம்மாவைக் கொண்டு பிறந்திருக்கிறாள். நான் கெல்லன். பதினாறு வயது. கூட்டுறவுக் கடையின் சர்க்கரை டப்பாவில் உப்பு போட்டது யார் என்று எங்கள் ஊரில் யாரும் விசாரிப்பதில்லை. நேராக என்னைத்தான் தேடி வருவார்கள்.

அம்மா பெயர் டானெட் ஷ்ராம். ஊர் ஹாரோ, தெற்கு டகோட்டாவின் மேற்கு ஓரம். இங்கே தேவாலயத்தைவிட உயரம் விவசாயிகள் கூட்டுறவின் தானியக் கோபுரம். அதன் காலடியில் லாரிகளுக்கான எடைமேடை. மேடையைப் பார்த்தபடி ஒரு சிறிய ஜன்னல். பத்தொன்பது வயதில் அந்த ஜன்னலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தவள், இருபத்திரண்டு வருடமாக அங்கேதான் இருக்கிறாள். வாயில் சூரியகாந்தி விதை, தோலைத் துப்ப ஒரு காபி டின், இடது புறங்கையில் பேனாவால் எழுதிய எண்கள். அறுவடைக் காலத்தில் அந்தக் கை முழங்கை வரை நீலமாக இருக்கும்.

மேடையின் வேலை சுலபம். கோதுமையோடு ஒரு தடவை நிறுத்து, கோபுரத்தடிக் குழியில் கொட்டிவிட்டு வந்து காலியாக ஒரு தடவை நிறுத்து, கழித்தால் கோதுமை. ஒரே ஒரு சட்டம்: முதல் தடவை வண்டிக்குள் யார் உட்கார்ந்திருந்தார்களோ அவர்களே இரண்டாவது தடவையும் உட்கார்ந்திருக்க வேண்டும். எமில் டாக்டர் என்ற விவசாயி (டாக்டர் என்பது அவர் குடும்பப் பெயர், ஊசிக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை) கோதுமை லாரியில் தன் பருத்த மச்சானையும் ஏற்றிக்கொண்டு வருவார். கொட்டி முடித்ததும் மச்சான் கோபுரத்துக்குப் பின்னால் இறங்கி சிகரெட் பிடிக்கப் போய்விடுவார். இப்படியே ஐந்தாறு வருடம் மச்சானைக் கோதுமை விலைக்கு விற்றுக்கொண்டிருந்தார் எமில். அம்மா வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். ஜன்னலைத் திறந்து, ஊரே வரிசையில் நிற்கும்போது கேட்டாளாம்:

"எமில், மச்சான் எங்க? அவரையும் குழியில கொட்டிட்டீங்களா?"

அன்றிலிருந்து யாரும் அந்த ஜன்னலிடம் விளையாடுவதில்லை. இன்றைக்கு ஊரில் அம்மாவின் முதல் விசிறி எமில்தான்.

என் அப்பா கர்ட் பாலம் கட்டுகிறவர். மூன்று வருடமாக வேலை வயோமிங்கில், பிக்ஹார்ன் மலைக்கு அந்தப் பக்கம். குறட்டை விடும் மூன்று ஆட்களோடு ஒரு மோட்டல் அறையில் இருக்கிறார். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வீட்டுக்கு வருவார், துணி துவைப்பார், தூங்குவார், போய்விடுவார். மற்றபடி ஞாயிற்றுக்கிழமை ஃபோன். போன பிப்ரவரியில் ஒரு ஞாயிறு ஃபோனில் சொன்னார்: வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஆற்றோரம் டிரெய்லர்கள் நிறுத்தும் மைதானம் ஒன்று இருக்கிறது, செப்டம்பர் வரை பாலத்து ஆட்களின் குடும்பங்களுக்கு இடம் தருகிறார்கள், ஜூன் முதல் சனிக்கிழமைக்குள் டிரெய்லர் வந்து நிற்க வேண்டும். வராவிட்டால் இடம் அடுத்த குடும்பத்துக்கு.

ஃபோனை வைத்த பிறகு அம்மா எங்களிடம், "மெய்ஸிக்கு அப்பான்னா ஃபோன்ல வர்ற சத்தம்னு ஆயிருச்சு" என்றாள். அடுத்த வாரம், ஓய்வு பெற்ற ஒரு தம்பதியிடமிருந்து இருபத்தாறு அடி நீள வீட்டு டிரெய்லர் ஒன்றை வாங்கி எங்கள் முற்றத்தில் இறக்கச் செய்தாள். கட்டில்கள், அடுப்பு, குளியலறை, மெய்ஸி உடனே காதலித்துவிட்ட ஒரு மடக்கு மேசை. இல்லாதது ஒன்றுதான். அதை இழுக்க வண்டி. எங்களிடம் இருந்த சின்னக் கார் அதன் சமையலறையை மட்டும் இழுக்கும்.

நான் வரவில்லை என்று முதல் நாளே அறிவித்துவிட்டேன். என் நண்பன் ட்ரெவ் ரட்கரின் பண்ணையில் கோடை முழுக்க வயலில் கல் பொறுக்கும் வேலை இருக்கிறது, அங்கேயே தங்கிக்கொள்வேன், தங்கைக்கும் நாய்க்கும் நடுவில் தகர டப்பாவுக்குள் படுக்கும் வயது எனக்குத் தாண்டிவிட்டது என்றேன். மேலும், என் மல்யுத்தப் போட்டிகளில் ஒன்றைக்கூட மூன்று வருடமாகப் பார்க்காத ஒரு மனிதரை நான் மலையேறிப் போய்ப் பார்க்க வேண்டுமா என்றும் கேட்டேன். அம்மா "சரி" என்றாள். அவ்வளவுதான். இரண்டாவது தடவை கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை.

வண்டி விஷயத்துக்கு முதலில் வந்தவர் ராய்ஸ் சித்தப்பா, அப்பாவின் தம்பி. அவருடைய பிக்கப் கறுப்பு. எங்கே பார்த்தாலும் குரோம். இருக்கை குளிர்காலத்தில் சூடாகும், கோடையில் குளிரும், மேலே கண்ணாடிக் கூரை. "பதினோராயிரத்து முன்னூறு பவுண்டு இழுக்கும். உன் டிரெய்லர் என்ன, பக்கத்து வீட்டையும் சேர்த்துக் கட்டு" என்று சாவியை மேசைமேல் வைத்தார். கோடை முழுக்க சும்மாவே எடுத்துக்கொள்ளச் சொன்னார். நல்ல மனசு. அதில் சந்தேகமில்லை.

அம்மா சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். ஓட்டுவதற்கு இல்லை. டிரைவர் கதவைத் திறந்து, கதவு மூடும் தூணில் குனிந்து எதையோ தேடினாள். அங்கே எருது முதுகில் ஒருவன் துள்ளும் ரோடியோ ஸ்டிக்கர் ஒன்றைச் சித்தப்பா ஒட்டியிருந்தார். அம்மா கட்டைவிரல் நகத்தால் அதைச் சுரண்ட ஆரம்பித்தாள்.

"ஏய், ஏய், அது நான் ஜெயிச்ச வருஷத்தோடது."

"நீ எங்க ஜெயிச்ச? டிக்கெட் கிழிச்சுக்கிட்டிருந்த" என்றாள் அம்மா, சுரண்டியபடி.

எருதுக்கு அடியிலிருந்து மஞ்சள் நிறத்தில் ஒரு சின்னத் தாள் வந்தது. எல்லா வண்டியிலும் அது இருக்கும். ஆட்களும் சாமானும் சேர்ந்து இந்த வண்டியின் மேல் இத்தனைக்கு மேல் உட்காரக்கூடாது என்று அந்தத் தாள் சொல்லும். எவ்வளவு இழுக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். விளம்பரத்தில் பெரிதாகப் போடுவார்கள். எங்கள் பக்கத்து ஆண்கள் அந்த எண்ணைப் பிள்ளைகளின் பிறந்தநாளைவிட நன்றாக நினைவில் வைத்திருப்பார்கள். மஞ்சள் தாளை மட்டும் எவனும் படிப்பதில்லை. சித்தப்பா நான்கு வருடமாக அதன் மேல் எருதை ஓட்டிக்கொண்டிருந்தார்.

"ஆயிரத்து முன்னூத்திப் பத்து" என்று அம்மா வாசித்தாள்.

"அதெல்லாம் வக்கீலுங்க எழுதுறது, டானெட்."

அம்மா நிதானமாக விளக்கினாள். இழுப்பது வேறு, சுமப்பது வேறு. டிரெய்லரின் மூக்கு வண்டியின் முதுகில்தான் உட்காரும், சாமான் ஏற்றிய பிறகு அந்த மூக்கு மட்டும் எண்ணூற்று எண்பது பவுண்டாவது இருக்கும். கொக்கி தொண்ணூறு. மிச்சத்தில்தான் மனிதர்கள், நாய், ஜெனரேட்டர், தண்ணீர். தாளில் இருக்கும் எண்ணே, சூடாகும் இருக்கையும் கண்ணாடிக் கூரையும் தின்றது போக மிஞ்சியதுதான்.

"ராய்ஸ், உன் வண்டி குறைஞ்சதுன்னு நான் சொல்லல. அதோட முதுகு சின்னது."

சித்தப்பாவுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. உன் எடைமேடையிலேயே ஏற்றிப் பார்க்கலாம் என்றார். ஏற்றலாம் என்றாள் அம்மா.

விஷயம் அன்று சாயங்காலமே மலையைத் தாண்டிப் போய், அப்பா ஃபோனில் வந்தார். தம்பி சும்மா கொடுப்பதை எடுத்துக்கொள், எதற்கு வம்பு என்று அவர் சொல்லியிருக்க வேண்டும். ஏனென்றால் அம்மா இப்படிச் சொன்னாள்: "நீ பாலத்துக்குக் கம்பி எண்ணும்போது, சும்மா கெடைச்சதைப் போட்டுக் கட்டுன்னு நான் வந்து சொன்னனா, கர்ட்?" அதோடு, போன வருடம் அந்த மலையிறக்கத்தில் நீ பார்த்தது என்ன வண்டி என்று கேட்டாள். ஒரு குடும்பத்தின் டிரெய்லர் இறக்கத்தில் ஆட ஆரம்பித்து, இழுத்த வண்டியையும் சேர்த்துச் சாய்த்துவிட்டதாம். யாரும் சாகவில்லை. சாலை முழுக்க முள்கரண்டிகள் கிடந்தனவாம். அப்பா அதை எங்களிடம் சொல்லிவிட்டு, ஏன் சொன்னோம் என்று வருந்தினார். அம்மா அன்றைக்கும் இன்றைக்கும் கேட்ட கேள்வி ஒன்றுதான். பதில் என்ன வந்ததோ, கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினாள்.

ஸ்பியர்ஃபிஷ் ஊரில் ஒரு வண்டி விற்பனைக் கூடத்துக்கு அம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே பேரம் பேசுகிறவர் பெயர் ஸ்கிப். அம்மா கழிப்பறைக்குப் போன நேரத்தில் நான் அவரிடம், எங்கள் குடும்பம் சர்க்கஸ் குடும்பம், யானைக்குட்டியை இழுத்துப் போகத்தான் வண்டி, அம்மாவுக்கு அதைப் பற்றிப் பேசினால் கூச்சம் என்று சொல்லி வைத்தேன். அவர் பெரிய எஸ்.யூ.வி. ஒன்றைத் திறந்து காட்டிக்கொண்டே மெதுவாக ஆரம்பித்தார்.

"கூட ஒண்ணு வரும்னாங்க, மேடம். நல்லாப் பழகினதா?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் விளம்பரத் தாளைத் தலைகீழாகப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தேன்.

"இன்னும் பழகல. கட்டித்தான் போடணும்" என்றாள்.

அந்த எஸ்.யூ.வி. எண்ணாயிரத்து முன்னூறு இழுக்கும் என்றார் ஸ்கிப். உங்கள் டிரெய்லரின் எடை புத்தகத்தில் ஐயாயிரத்து எண்ணூறுதான் போட்டிருக்கிறது, தாராளம் என்றார். அம்மா பொறுமையாக, "அது காலி எடை. ஒரு கரண்டிகூட இல்லாம. நாங்க கரண்டியோட போவோம்" என்றாள். ஏற்றிய பிறகு ஏழாயிரத்துக்கு மேல் வரும் என்று அவளுக்குத் தெரியும். காலி எடையை நம்பி வண்டி வாங்குகிறவனும், காலி லாரியை நிறுத்திக் கோதுமைக்குக் காசு கேட்கிறவனும் அவளுக்கு ஒரே சாதி.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அம்மா அந்த எஸ்.யூ.வி.க்குள் ஏறி உட்கார்ந்தாள். தோல் இருக்கை. கையை அதன்மேல் வைத்துக் கொஞ்ச நேரம் எடுக்கவில்லை. கூட்டுறவில் அவள் உட்காரும் நாற்காலியில் ஸ்பிரிங் ஒன்று வெளியே வந்து பல வருடம் ஆகிறது. அதன் மேல் ஒரு துண்டை மடித்துப் போட்டிருக்கிறாள். பின்னால் மெய்ஸி, சின்னத்திரையில் ஏதோ ஓடுவதைப் பார்த்துக் குதித்துக்கொண்டிருந்தாள். இதை எடுத்துக்கொள்ளேன் என்று சொல்ல எனக்கு வாய் வந்தது. அப்போது அம்மா கதவைத் திறந்து, தூணோரம் குனிந்து, மஞ்சள் தாளைப் படித்தாள். ஆயிரத்து நானூற்றுத் தொண்ணூறு. புறங்கையில் எழுதினாள், கீழே கோடு போட்டாள், இறங்கினாள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் விதை கடித்தபடி ஓட்டினாள். நாட்கள் போய்க்கொண்டிருந்தன. மே பிறந்துவிட்டது.

கூட்டுறவில் வருடா வருடம் மே மாதம் ஒரு சனிக்கிழமை வாடிக்கையாளர் விருந்து. கார மிளகாய் பீன்ஸ் குழம்பு ஒரு கிண்ணம், அதற்குத் தொட்டுக்கொள்ள இலவங்கப்பட்டை ரோல். வெளியூர்க்காரர்கள் இந்தச் சேர்க்கையைக் கண்டு முகம் சுளிப்பார்கள். அவர்களுக்கு விவரம் போதாது. அன்றைக்குத்தான் ராய்ஸ் சித்தப்பா பிக்கப்பில் எங்கள் டிரெய்லரைக் கொக்கி போட்டு இழுத்துக்கொண்டு எடைமேடைக்கு வந்தார். ஊரே கிண்ணத்தோடு வெளியே வந்து நின்றது.

டிரெய்லரில் அம்மா முந்தின நாளே எல்லாம் ஏற்றியிருந்தாள்: பாத்திரம், போர்வை, பாதித் தொட்டி தண்ணீர், டின்கள். பிக்கப்பில் ஆட்களுக்கும் நாய்க்கும் பதிலாக ஐம்பது பவுண்டு உப்பு மூட்டைகளை அடுக்கச் சொன்னாள். நான் சாக்பீஸால் மூட்டைகளுக்கு முகம் வரைந்தேன். அம்மா மூட்டைக்கு மீசை.

முதலில் பிக்கப்பை மட்டும் நிறுத்தினாள். பிறகு டிரெய்லரோடு. பிக்கப்பின் முன்சக்கரத்தை மட்டும் தனியே மேடையில் ஏற்றி ஒரு தடவை, பின்சக்கரத்தை ஒரு தடவை. எங்கள் மேடை இருபது இருபது பவுண்டாகத்தான் எண்ணும். ஆனால் பொய் சொல்லாது. டிரெய்லரின் மூக்கு பின்னால் அழுத்தியதில் முன்சக்கரத்தின் மேல் இருந்த எடையில் நானூறு பவுண்டு காணாமல் போயிருந்தது. முன்சக்கரம்தான் வண்டியைத் திருப்புவது.

"எடையைப் பரப்புற கம்பிங்க இருக்கு, அதைப் போடு" என்றார் சித்தப்பா. சரியான பேச்சுதான். அம்மா கம்பிகளைப் போட்டாள். முன்னால் பாதி எடை திரும்பி வந்தது. ஆனால் மொத்தமாகப் பிக்கப்பின் முதுகில் உட்கார்ந்திருந்த சுமை மஞ்சள் தாளைவிட முந்நூறு பவுண்டு அதிகமாகத்தான் இருந்தது. கம்பி எடையை நகர்த்தும். தின்னாது.

அம்மா ஜன்னல் வழியாகச் சீட்டை நீட்டினாள். சித்தப்பா வாங்கிப் படித்தார். யாரும் சிரிக்கவில்லை. எமில் டாக்டர் மட்டும் தன் ரோலைக் கடித்தபடி, "எனக்கு இப்படித்தான் இருந்துச்சு" என்றார்.

"நான் போன வருஷம் படகை இழுத்தேனே" என்றார் சித்தப்பா, கொஞ்சம் இறங்கின குரலில்.

"படகுக்கு இதைவிட நல்ல வண்டி கெடையாது, ராய்ஸ். நான் பிள்ளைங்களோட மலையிறங்கணும்" என்றாள் அம்மா. வெளியே வந்து அவர் தட்டில் இன்னொரு ரோலை வைத்தாள். அவ்வளவுதான் அவளுடைய வெற்றி விழா. நானாக இருந்தால் அந்தச் சீட்டைச் சட்டம் போட்டு அவர் வீட்டு வாசலில் மாட்டியிருப்பேன்.

இங்கே ஒன்று நடந்தது. பத்து நாள் முகம் காட்டாத சித்தப்பா, பதினோராவது நாள் காலையில் வந்து ஹாரன் அடித்தார். கிணறு தோண்டும் டெலாய் தன் பழைய பிக்கப்பை விற்கிறார் என்று நேற்றுக் கேள்விப்பட்டு, நேரே போய், முதல் வேலையாகக் கதவைத் திறந்து மஞ்சள் தாளைப் படித்துவிட்டு வந்திருக்கிறார். "மூவாயிரத்து அறுபது" என்றார். பல் முழுதாகத் தெரிந்தது.

அந்த வண்டியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வெள்ளை. பத்து வயது. கனரக வகை. எங்கள் பக்கம் முக்கால் டன் என்போம். ரெக்ஸின் இருக்கை, ரப்பர் தரை, கையால் சுற்றி இறக்கும் கண்ணாடி. கதவில் டெலாயின் கம்பெனி எழுத்தைச் சுரண்டி எடுத்த இடத்தில் தண்ணீர்ச் சொட்டின் படம் ஆவி மாதிரி தெரியும். உள்ளே ஈர மண் வாசனை.

"அழகில்ல, டான்" என்றார் டெலாய், கூச்சப்பட்டு.

"நான் அதைக் கட்டிக்கப் போறதில்ல, டெலாய்."

விரலை நாக்கில் நனைத்து மஞ்சள் தாளின் மேலிருந்த சேற்றைத் துடைத்தாள். ஒரு தடவை படித்தாள். மறுபடி படித்தாள். சக்கரம், பிரேக், அடிச்சட்டம் எல்லாம் மெக்கானிக்கை வைத்துப் பார்த்தாள். அன்று சாயங்காலம் அந்த வெள்ளை வண்டி எங்கள் முற்றத்தில் நின்றது. அறுவடையின் கடைசி லாரி போன பிறகு அம்மா ஒரு சிரிப்பு சிரிப்பாள். வருடத்துக்கு ஒரு தடவை. இந்த வருடம் அதை மே மாதமே செலவழித்துவிட்டாள்.

டிரெய்லரைப் பின்னால் தள்ளி நிறுத்தப் பழகுவதற்கு ரோடியோ மைதானம். நான் பின்னால் நின்று கையசைத்து வழி சொல்ல வேண்டும். இடது பக்கம் திரும்ப, ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடிக்க வேண்டும். முதல் நாள் இரண்டு பீப்பாய் உருண்டன. இரண்டாம் நாள் நான் வேண்டுமென்றே தப்பாகக் கையசைத்ததில் டிரெய்லர் ஆட்டுப் பட்டியின் வாசலுக்கே போய்விட்டது. அம்மா இறங்கி வந்து, ஆடுகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், "இவங்களுக்கும் இடம் வேணுமாம், எறங்கிச் சொல்லிட்டு வா" என்று என்னைப் பட்டிக்குள் அனுப்பி வெளியே தாழ்ப்பாள் போட்டாள். நான்காம் நாள், இரண்டு பீப்பாய்களுக்கு நடுவில், இரண்டு பக்கமும் ஒரு சாண் இடைவெளியில், ஒரே தடவையில் நிறுத்தினாள். வேலியில் உட்கார்ந்திருந்த மாட்டுக்கார ஆள் ஒருவர் தொப்பியைத் தொட்டார். அந்த ஆட்கள் கல்யாணத்துக்குக்கூடத் தொப்பியைத் தொட மாட்டார்கள்.

புறப்பட்டது வியாழக்கிழமை காலை. சனிக்கிழமைக்கு இரண்டு நாள் கையில் இருந்தது. முதலில் எடைமேடை. அம்மா வண்டியை ஏற்றி நிறுத்திவிட்டு, தானே ஜன்னலுக்குப் பின்னால் போய் நின்றாள், இனி நான்கு மாதம் தன்னிடத்தில் உட்காரப் போகும் பெண்ணுக்குப் பக்கத்தில். எமில் டாக்டர் குடும்பம் கஸ்டர்ட் ஊற்றிச் சுட்ட கூகன் பலகாரம் ஒரு தட்டோடு வந்திருந்தது. சித்தப்பா சக்கரங்களை எல்லாம் உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சும்மா வழியனுப்ப வந்தவன் மாதிரி பாக்கெட்டில் கை விட்டபடி நின்றேன். ட்ரெவ் மத்தியானம் என்னைக் கூட்டிப் போக வருவதாக ஏற்பாடு.

செவ்வாய்க்கிழமை மேடையில் எடை போட்டது போக, புதன்கிழமை ஏற்றிய ஒவ்வொரு பொருளையும் அம்மா குளியலறைத் தராசில் வைத்துத் தன் சின்ன நோட்டில் எழுதியிருந்தாள். பலகாரத்தையும் அங்கேயே எழுதினாள். கூட்டினால், ஆட்கள் ஏறாமல், வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து 14,320 பவுண்டு வர வேண்டும்.

எண் விழுந்தது. 14,480.

அம்மா மறுபடி கூட்டினாள். வண்டியை இறக்கி, தராசைப் பூஜ்யமாக்கி, மறுபடி ஏற்றிப் பார்த்தாள். நூற்று அறுபது பவுண்டு. வெள்ளை வண்டிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. இருந்தாலும் எங்கிருந்து வந்தது என்று தெரியாத எடையோடு என் அம்மா இந்த ஊரை விட்டுப் போவாளா? வெளியே வந்தாள். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. நேராக டிரெய்லருக்குள் ஏறினாள். எனக்கு ட்ரெவ் வீட்டில் அவசரமாக ஒரு வேலை ஞாபகம் வந்தது. மெய்ஸி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"கெல்லன்" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது. "இங்க வா."

பின்பக்கக் கட்டிலின் பலகையைத் தூக்கிப் பிடித்தபடி நின்றாள். அடியில், குளிர்காலப் போர்வைகளுக்குப் பின்னால், ஜிப் திறந்து கிடந்த என் பெரிய பை. என் தூண்டில் பெட்டி. ஸ்பீக்கர். உடற்பயிற்சிக்கான இரும்புக் குண்டுகள் ஒரு ஜோடி. பதினெட்டு டின் ரவியோலி பாஸ்தா. பையின் மேலே இரண்டு பேஸ்பால் கையுறைகள், ஒன்று என்னுடையது, ஒன்று அப்பாவுடையது.

திட்டம் மோசமில்லை. சாமான் ஏற்கெனவே ஏறியிருக்கும். கிளம்பும் கடைசி நிமிடம் அம்மா என்னைக் கெஞ்சுவாள். கொஞ்சம் யோசிப்பது போல யோசித்து, சரி, உனக்காக வருகிறேன் என்று ஏறிவிடலாம். அம்மா கெஞ்சியே தீருவாள் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். எடை பற்றி யோசிக்கவில்லை.

"அது அப்பா க்ளவ். அவருக்குக் குடுத்தனுப்பலாம்னு வெச்சேன்" என்றேன்.

"இன்னொண்ணு?"

"அது தொலைஞ்சா இது இருக்கட்டும்னு."

"உன் மல்யுத்த ஷூ?"

"அவருக்குச் சேரும். ஒரே சைஸ்தான்."

"உன் ஜட்டி?"

கதவருகில் சித்தப்பா இருமினார். அம்மா பலகையை மூடி, அதன் மேல் உட்கார்ந்து, பின்பாக்கெட்டிலிருந்து நோட்டை எடுத்துப் புரட்டி ஒரு பக்கத்தை என் பக்கம் திருப்பினாள். வண்டியில் ஏறுகிறவர்களின் பட்டியல். மேலே தேதி, ஏப்ரல் ஒன்பது, ஸ்பியர்ஃபிஷுக்கு வண்டி பார்க்கப் போவதற்கு முந்தின நாள். டானெட், 161. மெய்ஸி, 54. நாய், 78. அதற்கும் கீழே, அதே பேனாவில், அதே கையெழுத்தில்: கெல்லன், 154.

நான் அதைப் பார்த்தேன். வாயில் முதலில் வந்ததைச் சொன்னேன்.

"நூத்தி அம்பத்து நாலா? பொய். நான் நூத்தி நாப்பத்தெட்டுதான்."

அம்மா நோட்டை மூடினாள்.

"வராதவனுக்கு அதைப் பத்தி என்னடா கவலை?" என்றாள்.